பால்மரே ஊற்றுக்குளம்: நீச்சல் தெரியாத குடும்பத்தோடு கேம்பிங் போகலாமா?

நத்தம்பட்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறோம். மேற்கு டெக்சஸில் இருக்கும் பால்மரே ஸ்டேட் பார்க்கில் அக்டோபர் கடைசியில் இரண்டு ராத்திரிக்கு கேம்ப்சைட் கிடைத்துவிட்டது. யாரோ கேன்சல் செய்த இடம். ஆபீஸ் மீட்டிங் நடுவில் கண்ணில் பட்டது, யோசிக்காமல் புக் செய்துவிட்டேன். செய்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அன்றிலிருந்து விசாரணைக் கமிஷன் நடக்கிறது.

நான், மனைவி, 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். இதில் பையன் மட்டும் நீச்சல் வகுப்புக்குப் போனவன். எனக்குத் தெரிந்தது கடப்பாரை நீச்சல். மாமனார் தனக்குக் கிணற்று நீச்சல் தெரியும் என்கிறார். அதை நேரில் பார்த்தவர் யாரும் வீட்டில் இல்லை.

மனைவியின் முதல் கேள்வி: குளோரினே போடாத தண்ணீரில் சனி ஞாயிறு அத்தனை கூட்டமும் இறங்கினால் அது குளமா, குட்டையா? அடுத்தது, லைஃப்கார்டு கிடையாது என்கிறார்களே, நிஜமா? மாமியார் சுடிதாரோடுதான் இறங்குவார், அதற்கு யாராவது ஏதாவது சொல்வார்களா? மாமனாருக்கு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேறு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்

ஆஸ்டினிலிருந்து நான்கு முறை போயிருக்கிறேன். முதலில் அதை நீச்சல்குளம் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது சான் சாலமன் என்ற ஊற்று. ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மனைவியின் கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. குளத்தின் கொள்ளளவு 35 லட்சம் கேலன். அடியிலிருந்து ஒரு நாளைக்குச் சுரப்பது சுமார் ஒன்றரைக் கோடி கேலன். அதாவது தினமும் நான்கு குளத்துத் தண்ணீர் உள்ளே வந்து, அவ்வளவும் மறுபக்கம் வாய்க்காலில் வெளியே போகிறது. பம்ப்செட் ஓடும்போது தொட்டியில் குளிக்கிறோமே, அந்த மாதிரி. தொட்டிதான் ஒன்றே கால் ஏக்கருக்கு மேல். பகல் பதினொன்றுக்கு நீங்கள் குளிக்கும் தண்ணீர் சாயங்காலம் யாரோ ஒருவரின் குதிரைமசால் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும்.

வெயில் காலம் பனிக்காலம் எதுவானாலும் தண்ணீர் 72 முதல் 76 டிகிரி ஃபாரன்ஹீட்தான். கிணற்றுத் தண்ணீர் குணம்: ஜூலையில் இறங்கினால் உடம்பு சிலிர்க்கும், டிசம்பரில் வெதுவெதுப்பாகத் தெரியும். ஆனால் ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு எந்த மாதமும் முதல் இரண்டு நிமிடம் "ஸ்ஸ்ஸ்" தான்.

அப்புறம், பெயரை பால்மோர்ஹியா என்று படித்து வழி கேட்காதீர்கள். பால்மரே. பால்கம், மூர், ரியா என்று நிலம் விற்க வந்தவர்களின் பெயர்களை ஒட்டவைத்து ஊருக்குப் பெயராக்கிவிட்டார்கள். நம் ஊர் நகர்களுக்கு ரியல் எஸ்டேட்காரர்கள் பெயர் வைக்கிற அதே வழிதான்.

டல்லஸ் மாமி

தண்ணீர் சுத்தம் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஆழத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். நடுவில் வட்டமாக இருக்கும் பகுதி 25 அடி. இரண்டு மாடி வீடு உள்ளே நிற்கும். தண்ணீர் கண்ணாடியாக இருப்பதால் தரை பக்கத்தில் இருப்பது போலக் காட்டும், அதுதான் ஏமாற்று. லைஃப்கார்டு கிடையாது என்பது நிஜம். அவரவர் பொறுப்பில் நீந்த வேண்டியது என்று போர்டே இருக்கிறது.

படிகளில் பாசி. போன வருடம் என் அக்கா பையன் படியில் நின்று போட்டோவுக்குச் சிரித்தான், அடுத்த நொடி ஆளைக் காணோம். மூன்றடித் தண்ணீர்தான், நான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன். அவன் அம்மாவுக்கு அது போட்டோவைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

5 வயதுக் குழந்தைக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். கையில் மாட்டுகிற காற்றுப்பை, வாத்து டியூப் எல்லாம் விளையாட்டுச் சாமான். பெரியவர்களுக்கும் ஒன்று வாங்குங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை.

கரிசல்

மாமி பயமுறுத்துகிறீர்கள். எங்கள் ஊரில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மேலே இருந்து கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குடுக்கையைக் கழற்றினால் பையன் தானாக நீந்துவான். எந்த லைஃப்கார்டு இருந்தான்?

டல்லஸ் மாமி

உங்களைத் தள்ளிவிட்டவர் கிணற்று மேட்டில் நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார் இல்லையா, அவர்தான் லைஃப்கார்டு. இங்கே கரையில் நிற்கிறவர்கள் கையில் போன் இருக்கிறது.

கரிசல்

சரி, அது நியாயம்.

வடலி

நான் யாழ்ப்பாணம், இப்ப ஹூஸ்டன். முதல் தடவை பால்மரேக்குப் போய்ப் படியில் கால் வைத்ததும் எனக்குக் கீரிமலைதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் நிலத்துக்கு அடியிலிருந்து நன்னீர் வந்து கேணியில் நிறைகிறது. கேணிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். ஒரு சுவர், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் உப்பு. சின்னனில் இரண்டிலும் மாறி மாறிக் குதித்து நாக்கால் நக்கிப் பார்ப்போம்.

ஒரு வித்தியாசம். கீரிமலையில் ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருகிற சனம், பெண்களுக்குத் தனிக் கேணி, பக்கத்தில் நகுலேஸ்வரம் கோயில். தண்ணீருக்கு ஒரு மரியாதை தானாக வரும். பால்மரேயில் அந்த மரியாதை மீனுக்கு. மீன் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே?

சுடிதார் கேள்விக்கு: தாராளமாக இறங்கலாம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் துப்பட்டாவைக் கரையில் வைத்துவிடச் சொல்லுங்கள். நனைந்த பருத்தித் துணி கல்லு மாதிரி இழுக்கும், அதிலும் காலில் சுற்றினால் ஆபத்து. முழுக்கை நீச்சல் சட்டை, முழுக்கால் டைட்ஸ் எல்லாம் கடைகளில் கிடைக்கிறது. என்ர அம்மா அதைத்தான் போட்டவா. அந்தச் சட்டை இருந்தால் உடம்பெல்லாம் சன்ஸ்கிரீன் பூசவும் தேவையில்லை, தண்ணீருக்கும் நல்லது.

அரைத்தூக்கம்

மீன் கதை பெரிய கதை, உட்காருங்கள்.

படியில் காலை நனைத்து உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சின்ன மீன்கள் வந்து கொத்தும். அவை மெக்சிகன் டெட்ரா. வலிக்காது. அடியில் பார்த்தால் ஆள் கை நீளத்துக்குக் கெளுத்திகள் கறுப்பாக அசையாமல் கிடக்கும். அவையும் ஒன்றும் செய்யாது. ஸ்கூபா வகுப்புக்காரர்கள் சனிக்கிழமை வந்தால் கெளுத்திகளுக்குப் பக்கத்திலேயே வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முக்கியமானது இவை எதுவும் இல்லை. இரண்டு அங்குலம்கூட இருக்காத ஒரு மீன், பெயர் கமாஞ்சி ஸ்பிரிங்ஸ் பப்ஃபிஷ். நாய்க்குட்டி மாதிரி ஒன்றை ஒன்று துரத்தி விளையாடுவதால் பப்ஃபிஷ். அழியும் நிலை உயிரினம் என்று 1967இலேயே பட்டியலில் ஏறிவிட்டது. இப்போது கேளுங்கள்: கமாஞ்சி ஊற்று பால்மரேயில் இல்லை. ஐ-10 நெடுஞ்சாலையில் நீங்கள் வரும் வழியில், ஐம்பது மைல் முன்னாலேயே ஃபோர்ட் ஸ்டாக்டன் என்ற ஊரில் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். ஊருக்கு மேற்கே விவசாயத்துக்கு ஆழ்துளை போட்டு உறிஞ்ச ஆரம்பித்தார்கள். ஊற்றுத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்தவர்கள் வழக்குப் போட்டார்கள். தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுப்பது அவரவர் உரிமை என்று 1954இல் தீர்ப்பு வந்தது. 1961இல் ஊற்று நின்றுவிட்டது.

பெயர் அங்கே, மீன் இங்கே. சொந்த ஊர் அழிந்த பிறகும் இனிஷியலில் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு அலைகிற ஆள் மாதிரி அந்த மீன். ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஊற்று இருந்த இடத்தில் இன்றும் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது, அதில் இருப்பது ஊற்றுநீர் இல்லை. 1936இல் தொடங்கிய நீர் விழாவை மட்டும் விடாமல் நடத்துகிறார்கள். சமீப காலமாகப் பாசனம் குறையும் பனிக்காலத்தில் ஊற்று கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

அதனால் போகிற வழியில் பெட்ரோலுக்கு நிறுத்தும்போது பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள். எப்படியும் அங்கே டேங்க் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

கரிசல்

தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, கதை எங்கள் ஊர்க் கதை. எங்கள் கிணறு 60 அடி. பக்கத்துத் தோட்டத்தில் 400 அடிக்கு போர் இறக்கிய வருடம் கிணற்றில் தவளை மட்டும் மிச்சம். தப்பு சொல்லவும் முடியாது, அடுத்த வருடம் அப்பாவும் போர் போட்டார்.

மிட்லண்ட் மச்சான்

நான் இந்தப் பக்கம் எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறவன். அடிக்க வராதீர்கள்.

2016 செப்டம்பரில் அப்பாச்சி கம்பெனி இந்த வட்டாரத்தில் ஆல்பைன் ஹை என்று பெரிய எண்ணெய், எரிவாயு இருப்பு கண்டதாக அறிவித்தது. அன்றிலிருந்து ஊற்றுக்கு என்ன ஆகுமோ என்று உள்ளூரில் பயம். பார்க் நிலத்திலும் அதன் அடியிலும் துளைக்க மாட்டோம் என்று கம்பெனி சொன்னது. 2018 மே மாதம் வருடாந்திரச் சுத்தத்துக்காகத் தண்ணீரை இறக்கியபோது டைவிங் போர்டு பக்கத்துச் சுவரின் அடிப்பகுதி அரித்துப்போயிருந்தது தெரிந்தது. குளத்தை மூடினார்கள். பழுது பார்க்கத் திரட்டிய பணத்தில், பொதுமக்கள் போடுகிற அளவுக்கு ஈடாகப் பத்து லட்சம் டாலர் வரை தருகிறோம் என்று முன்வந்ததும் அதே அப்பாச்சிதான். 2019 மார்ச்சில் மறுபடி திறந்தது.

பணம் வாங்கியது சரியா என்று கேட்டால், எனக்கு இரண்டு வாய். வேலைக்குப் போகும்போது ஒன்று, குளத்தில் கிடக்கும்போது ஒன்று.

டல்லஸ் மாமி

இரண்டாவது வாயை ஓட்டுப் போடும்போது எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி.

வடலி

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இந்தச் சுவரைக் கட்டியது யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. 1930களில் வேலை இல்லாமல் கிடந்த இளைஞர்களைச் சேர்த்து ரூஸ்வெல்ட் அரசு சி.சி.சி. என்று ஒரு படை அமைத்தது. மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 டாலர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பொடியன்கள்தான் இதைக் கட்டினது. பக்கத்தில் தங்குகிற மண்கல் வீடுகளும் அவர்கள் கைவேலை. கையில் வடிவாகத் தடவிப் பார்க்கலாம்.

நத்தம்பட்டிக்காரன்

போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக மாமிக்கு. மூன்று லைஃப் ஜாக்கெட் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை நான்கரைக்குக் கிளம்பினோம். சான் அன்டோனியோ தாண்டி மலைமேடு முடிந்ததும் 80 மைல் வேக எல்லை போட்டிருக்கிறார்கள், எண்பதில் போனாலும் எதுவும் நகர்வதாகத் தெரியவில்லை. மாமியார் வழி நெடுக ஒரே கேள்வி: "இங்கே குளிக்கத் தண்ணி இருக்குன்னு யார் சொன்னா?" ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஐஸ், பால், தண்ணீர் வாங்கினோம். ஊற்று இருந்த இடத்தையும் பார்த்தோம். பையன், "இங்கே இருந்த மீன் எல்லாம் எங்கே போச்சு?" என்றான். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். அதுவரைக்கும் நான் சொன்ன ஒரே உருப்படியான பதில் அது.

ஒரு சொதப்பல். எங்களுக்கு கேம்ப்சைட் இருந்ததால் குளத்துக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. நண்பர் குடும்பம் சனிக்கிழமை பகலுக்கு மட்டும் வருவதாக ஏற்பாடு. நாங்கள் இருக்கிறோமே, சும்மா வந்தால் போதும் என்று நான்தான் சொல்லிவிட்டேன். டே பாஸ் முன்கூட்டியே பதிவு செய்யாமல் வந்தார்கள், கேட்டில் "ஃபுல்" என்று திருப்பிவிட்டார்கள். நண்பர் மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை.

சரி, குளத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை எட்டரை. வெளியே நல்ல குளிர், தண்ணீர் மேல் லேசாக ஆவி. மாமியார் படியில் உட்கார்ந்து கணுக்கால் வரை நனைத்தார். அவருக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு உண்டு. மீன்களுக்கு அது எப்படித் தெரிந்ததோ, முப்பது நாற்பது வந்து மொய்த்துவிட்டன. முதலில் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினார். அப்புறம் மெதுவாக ஒரு காலை விட்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்சிகன் பாட்டிக்குத் தமிழில் ஏதோ விளக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட்டி ஸ்பானிஷில் பதில் சொல்கிறார். இரண்டு பேர் காலிலும் மீன்.

மாமனார் வேட்டியை மடித்துக் கரையில் வைத்துவிட்டு, அரை டிராயரோடு சுவர் ஓரமாக ஒரு சுற்று நடந்தார். எங்கே ஆழம், எங்கே படி, எங்கே பிடிமானம் என்று பார்த்தார். லைஃப் ஜாக்கெட்டை நீட்டினேன், வாங்கி என் தோளிலேயே போட்டுவிட்டார். சத்தமே இல்லாமல் இறங்கினார். தலை மட்டும் மேலே, கை இரண்டும் உள்ளேயே துழாவ, தவளை மாதிரி போகிறார். நடுவட்டத்துக்குப் போனதும் மல்லாந்து படுத்துக்கொண்டார். காலும் ஆடவில்லை, கையும் ஆடவில்லை. மனைவி என் கையைக் கிள்ளியதில் இன்னும் தடம் இருக்கிறது.

பையன் தன் நீச்சல் கண்ணாடியைக் கொடுத்து, "தாத்தா, அடியில மண் எடுத்துட்டு வாங்க" என்றான். கிணற்றில் முங்கி மண் எடுத்துக் காட்டிய கதையைக் கார் முழுக்க அவரே சொல்லி வைத்திருந்தார், மாட்டிக்கொண்டார். கண்ணாடியை மாட்டி முங்கினார். ஒன்றரை ஆள் ஆழம் போயிருப்பார், காதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். கையில் மண் இல்லை. ஆனால் முகம் மாறியிருந்தது. "ஏய், ஊத்துக்கண்ணு தெரியுதுடா. சோறு கொதிக்கிற மாதிரி மணல் கொதிக்குது" என்றார். அதன் பிறகு மேலே மிதந்தபடியே தலையை மட்டும் உள்ளே விட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டு மூன்று முறை ஆள் அனுப்பினோம்.

பப்ஃபிஷ்ஷைப் பையன்தான் முதலில் கண்டான். குளத்தில் இல்லை, வெளியே தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில். விரல் நுனி அளவு. ஒன்று இன்னொன்றை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் துரத்தியது. பெண் அதற்கு "தேங்காய்" என்று பெயர் வைத்தாள். ஏன் என்று கேட்கக்கூடாதாம்.

ராத்திரி காற்றைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே! புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனதால் பிழைத்தோம், அடுப்பில் தீ நிற்கவே இல்லை. ஆனால் காற்று ஓய்ந்த பிறகு வானம் இருந்ததே. மாமியார் சப்தரிஷி மண்டலத்தை இத்தனை வருடத்துக்கு அப்புறம் பார்ப்பதாகச் சொன்னார். ஃபோர்ட் டேவிஸ் பக்கத்து மக்டொனால்ட் வானாய்வகத்தில் சனிக்கிழமை ஸ்டார் பார்ட்டி (தொலைநோக்கியில் வானம் காட்டும் நிகழ்ச்சி) உண்டு என்று தெரிந்தும் முன்பதிவு செய்யாமல் விட்டது என் தப்பு.

டல்லஸ் மாமி

மாமனார் லைஃப் ஜாக்கெட் போடவில்லை என்பதைப் படித்தேன். இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் குளியல் என்ன ஆயிற்று?

நத்தம்பட்டிக்காரன்

குளத்தில் இல்லை மாமி, சத்தியமாக. கேம்ப்கிரவுண்ட் ஷவரில். குளித்து வரும் வழியெல்லாம் சீயக்காய் வாசம். வரிசையில் நின்றிருந்த தாத்தா ஒருவர் மீன்பிடிக்கப் போட்ட மருந்தா என்று கேட்டார்.

கரிசல்

உங்கள் மாமனார் எந்த ஊர்? அவரிடம் கிணறு இருக்கிறதா இன்னும்?

நத்தம்பட்டிக்காரன்

சாத்தூர் பக்கம். கிணறு இருக்கிறது, மேலே கம்பி வலை போட்டு மூடியிருக்கிறது. திரும்பி வரும்போது ஃபோர்ட் ஸ்டாக்டன் தாண்டுகையில் அவரே பேச்செடுத்தார். மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கு போன் போட்டார். என்ன திட்டம் என்று சொல்லவில்லை.

இன்னொரு உதவி. காற்றில் டென்ட் கம்பி ஒன்று உடைந்துவிட்டது. ஆறு பேர் டென்ட், அலுமினியக் கம்பி. யாரிடமாவது உபரி இருக்கிறதா?

வடலி

என்னட்ட ஒன்று இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் சுகர்லாண்ட் பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கோ. அளவு பார்க்க உடைந்த கம்பியையும் கொண்டு வாருங்கோ.